நாகர்கோவிலும் குமரி மாவட்டமும்: குடிநீர், வரி, மழை எச்சரிக்கை, திருவிழா விடுமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநகராட்சி ஆணையரும் மாவட்ட ஆட்சியரும் வெளியிடுகிற அறிவிப்புகளுக்கு நம் ஊரில் குறைவே இல்லை. நாளை குடிநீர் வராது, இந்த ரோட்டில் போக்குவரத்து மாற்றம், வரி கட்டக் கடைசி நாள், தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அது யார் சொன்னது, எந்த ஊருக்கு, எந்தத் தேதிக்கு என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தந்திருக்கிறேன். நாகர்கோவிலை நடுவில் வைத்து எழுதினாலும், மாவட்டத்தின் மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

என் வீடு எந்த உள்ளாட்சியில் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். மேலே எந்தப் பெயர் இருக்கிறதோ, அதுதான் உங்கள் அலுவலகம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ரசீதின் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் குமரியில் முக்கால்வாசிக் குழப்பம் தொடங்குவதே இங்கேதான். மற்ற மாவட்டங்களில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெறும் காடும் வயலும் கிடக்கும். இங்கே ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது. நாகர்கோவில் மாநகராட்சி, சில நகராட்சிகள், ஏறக்குறைய 50 பேரூராட்சிகள், 95 ஊராட்சிகள் என்று இத்தனையும் ஒரு சின்ன மாவட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. தெருவின் இந்தப் பக்கம் ஒரு பேரூராட்சி, அந்தப் பக்கம் வேறொன்று என்பது சாதாரணம்.

ஊர்ப் பெயரும் ஏமாற்றும். தக்கலை டவுனில் இருப்பவருக்கு உள்ளாட்சி பத்மநாபபுரம் நகராட்சி. மார்த்தாண்டத்தில் கடை வைத்திருப்பவர் வரி கட்டுவது குழித்துறை நகராட்சிக்கு. சுசீந்திரம் நாகர்கோவிலை ஒட்டியே இருந்தாலும் அது தனிப் பேரூராட்சி. அதனால் "நாகர்கோவிலில் நாளை குடிநீர் வராது" என்று செய்தி வந்தால், உங்கள் முகவரியில் நாகர்கோவில் என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாநகராட்சியின் 52 வார்டுகளுக்குள் உங்கள் வீடு இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

ஆணையர், மேயர், கலெக்டர் மூவரில் யாரிடம் போக வேண்டும்?

ஆணையர் மாநகராட்சியின் அன்றாட நிர்வாகத்தை நடத்தும் அரசு அதிகாரி. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, வரி, கட்டிட அனுமதி, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் அவருக்குக் கீழே வருகின்றன. மேயர் கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். எந்தத் தெருவுக்கு எந்த வேலை, எவ்வளவு பணம் என்று மாமன்றக் கூட்டத்தில் முடிவாகும். நாகர்கோவில் மாநகராட்சியானது 2019-ல். மாநகராட்சியாக அது சந்தித்த முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது.

கலெக்டர் மாவட்டம் முழுவதற்கும். மழை விடுமுறை, உள்ளூர் விடுமுறை, பேரிடர், பட்டா, ரேஷன் போன்றவை அவர் பக்கம். திங்கள்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அங்கே மாநகராட்சி பற்றிய மனுவையும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அது சுற்றிக்கொண்டு மறுபடி மாநகராட்சிக்கே வந்து சேரும். நேராக மாநகராட்சியிலேயே கொடுத்தால் நாள் மிச்சம்.

ஊராட்சியில் வசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தேர்தல் நடந்து புதிய தலைவர் வரும்வரை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

கரண்ட், சானல், மெயின் ரோடு இவையும் மாநகராட்சிதானே?

இல்லை. தெருவில் தெரிவதெல்லாம் மாநகராட்சியுடையது என்று நினைத்து ஓடி ஓடி அலுத்தவர்கள் நிறைய.

கரண்ட் மின்வாரியத்துடையது. "மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக மின்தடை" என்று வரும் செய்தியில் ஊர்ப் பெயரைத் தேடுவதைவிட உங்கள் துணைமின் நிலையத்தின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நாகர்கோவிலில் பாதிப்பேருக்கு அது வல்லன்குமாரன்விளையா வேறா என்றே தெரிவதில்லை. பக்கத்து மின்வாரிய அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. தெருவிளக்கு மட்டும் உள்ளாட்சியின் வேலை. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

சானல்கள், அதாவது பாசனக் கால்வாய்கள், நீர்வளத்துறையுடையவை. அனந்தனார் சானல், தோவாளை சானல், நாஞ்சில் புத்தனாறு எல்லாம் அப்படித்தான். சானல் உடைந்து தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் மாநகராட்சி ஆட்கள் மோட்டார் வைத்து இறைக்க வருவார்கள். ஆனால் உடைப்பை அடைக்க வேண்டியது நீர்வளத்துறை. இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள்.

களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு வரும் சாலை தேசிய நெடுஞ்சாலை 66. அதில் விழுந்த குழியை மேயரே நினைத்தாலும் தன் நிதியில் அடைக்க முடியாது. மாநில நெடுஞ்சாலைத் துறையின் ரோடுகள் வேறு. மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பவை பெரும்பாலும் உள்தெருக்கள்.

நாகர்கோவிலுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? கோடையில் ஏன் இத்தனை நாள் இடைவெளி?

பல தலைமுறையாக முக்கடல் அணைதான். அதன் முழு நீர்மட்டம் 25 அடி. நகரம் பெருத்த அளவுக்கு அணை பெருக்கவில்லை. மழை தவறிய ஆண்டுகளில் "முக்கடல் அணை நீர்மட்டம் மைனஸ்" என்று பேப்பரில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அளவு எடுக்கத் தொடங்கும் மட்டத்துக்கும் கீழே தண்ணீர் போய்விட்டது, மிச்சத்தை மோட்டார் வைத்து எடுக்க வேண்டிய நிலை என்று அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஒற்றை அணையை நம்பியிருக்கும் நிலையை மாற்றத்தான் புத்தன் அணைத் திட்டம் வந்தது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் சேருமிடம் புத்தன் அணை. அங்கிருந்து நகரத்துக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவருவது திட்டம். அந்த அணைகளை நம்பித்தான் நாஞ்சில் நாட்டு வயல்களும் இருக்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்துக்கும் அங்கிருந்துதான் சானலில் தண்ணீர் வருகிறது. நகரத்தில் ஒரு குழாயை வீணாகத் திறந்துவிட்டால், அது தோவாளையில் ஒருவரின் நாற்றங்காலுக்கும் சேர்த்து வந்த தண்ணீர்.

ஆணையரின் அறிவிப்பில் "குடிநீர் விநியோகம் நிறுத்தம்" என்று இருந்தால் காரணத்தைப் படியுங்கள். குழாய் உடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். அணையில் தண்ணீர் குறைவு என்றால் முறைவைத்து விடுவது மழை வரும்வரை தொடரும். அதற்கேற்பத் தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளலாம்.

குழாயில் கலங்கலாக, நாற்றத்தோடு தண்ணீர் வருகிறதே?

குடிக்க வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். உடனே வார்டு அலுவலகத்தில் சொல்லுங்கள்; பக்கத்து வீடுகளிலும் அப்படி வருகிறதா என்று கேட்டுவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரு வீட்டில் மட்டும் என்றால் உங்கள் இணைப்புக் குழாயில் கோளாறு. தெரு முழுக்க என்றால் சாக்கடை ஓரத்தில் ஓடும் பிரதான குழாயில் ஓட்டை இருக்கலாம். அது அவசரம்.

பாதாள சாக்கடைக்குத் தோண்டிய ரோட்டை எப்போது மூடுவார்கள்?

நாகர்கோவிலில் இந்தக் கேள்வி கேட்காத தெரு இல்லை. பல வருடங்களாக நடக்கும் வேலை, கட்டம் கட்டமாகப் போகிறது. உங்கள் தெருவுக்குரிய பதில் மாநகராட்சிப் பொறியியல் பிரிவில் இருக்கிறது. வேலையின் பெயர், ஒப்பந்தக் காலம், ரோடு மறுபடி போடுவது அதே ஒப்பந்தத்தில் சேர்ந்ததா தனி டெண்டரா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். "சீக்கிரம் முடியும்" என்ற வாய்ப்பேச்சில் திருப்தி அடையாதீர்கள். வாக்கர் வைத்து நடக்கும் பெரியவருக்கு அந்தக் குழியால் எத்தனை மாதம் வெளியே போக முடியாமல் ஆகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

சொத்து வரி எப்போது கட்டினால் லாபம்?

அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம் ஊரில் அதிகம். அவற்றுக்கும் வரி உண்டு. இணையத்திலேயே கட்டலாம் என்பதால் துபாயில் இருப்பவரே நேராகக் கட்டிவிடலாம்.

காலி மனைக்கும் தனி வரி இருக்கிறது. பலர் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் அதைக் கேள்விப்படுகிறார்கள். அப்போது பாக்கி மொத்தமாக வந்து நிற்கும்.

சின்ன வீடு கட்ட அனுமதிக்கு அலைய வேண்டுமா?

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு என்றால் சுயசான்று முறையில் இணையம் வழியாக உடனடி அனுமதி பெறலாம். 2024 ஜூலையிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. ஆனால் சுயசான்று என்பதால், வரைபடத்தில் காட்டியதற்கு மாறாகக் கட்டினால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது?

பிறப்போ இறப்போ எங்கே நடந்ததோ, அந்த ஊரில் பதிவாகும். வீடு எங்கே என்பது கணக்கில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் நடந்தால் அங்கேயே பதிந்துவிடுவார்கள். ஊராட்சிப் பகுதியில் வீட்டில் ஒருவர் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும்.

எல்லை மாவட்டமான நமக்கு உரிய சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்துக்காரர்கள் பிரசவத்துக்கும் பெரிய சிகிச்சைக்கும் திருவனந்தபுரம் போகிறார்கள். அங்கே பிறந்த குழந்தைக்கு அந்த மருத்துவமனை எந்தக் கேரள உள்ளாட்சியில் இருக்கிறதோ, அங்கேதான் சான்றிதழ். அங்கே இறந்தவருக்கும் அப்படியே. ஊருக்கு வந்து நம் நகராட்சியில் எத்தனை தடவை கேட்டாலும் கிடைக்காது. துக்க வீட்டில் இதையெல்லாம் யோசிக்க யாருக்கும் மனம் வராது என்பது உண்மை. ஆனால் மருத்துவமனையிலிருந்து கிளம்பும்முன் கூட இருக்கும் ஒருவர் பெயர், முகவரி எழுத்துப்பிழை இல்லாமல் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால், பின்னால் வாரிசுச் சான்றுக்கு அலையும் அம்மாவுக்குப் பெரிய உதவி.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதற்குமேல் தாமதக் கட்டணம் உண்டு. ஒரு வருடம் தாண்டினால் வருவாய்த் துறை அதிகாரியின் ஆணை வேண்டும். குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 15 வயது வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதனால் பெயர் சேர்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மாநகராட்சியில் கிடைக்குமா?

கிடைக்காது. வருவாய்த் துறை. இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

குப்பை வண்டிக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி, டியூப்லைட், பேட்டரி, பழைய மாத்திரை போன்ற அபாயக் குப்பை தனி. நாப்கின், டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியை வெறுமனே பையில் போடாதீர்கள். கையை விட்டுப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரும் நம்மைப்போல வேலைக்குப் போய் வீடு திரும்ப வேண்டியவர்.

ஏன் இத்தனை வற்புறுத்துகிறார்கள் என்று கேட்பவர்கள் வலம்புரிவிளை பக்கம் வசிப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். நகரம் முழுவதன் குப்பையும் பல வருடங்களாகக் கொட்டப்பட்ட இடம் அது. கிடங்கில் தீப்பிடித்தால் புகை அவர்கள் வீட்டுக்குள் போகும். பிரித்துக் கொடுத்த மக்கும் குப்பை நுண்ணுரம் தயாரிக்கும் மையத்தில் உரமாகிவிடும். பிரிக்காதது கலந்தே கிடக்கும்.

கேரளத்திலிருந்து மூடிய லாரியில் கழிவு கொண்டுவந்து தோப்பிலும் குளத்தங்கரையிலும் கொட்டுவதைக் கண்டால், நீங்களே மறித்து வம்பில் மாட்ட வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்து 112-க்குச் சொல்லுங்கள்.

தெருநாய் கடித்துவிட்டால்?

முதலில் குழாய் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், தடுப்பூசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டு முடிக்க வேண்டும். நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவதுதான் பொது விதி. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. உங்கள் பகுதிப் பள்ளி வாசலில் நாய்க்கூட்டம் இருந்தால் அதைக் குறிப்பிட்டே மனு கொடுங்கள்.

உள்ளூர் விடுமுறை என்றால் பேங்க் திறந்திருக்குமா?

திறந்திருக்கும். உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறைக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படுவதில்லை; ஆகவே வங்கிகளுக்குப் பொருந்தாது. பள்ளி, கல்லூரி, மாநில அரசு அலுவலகங்களுக்குத்தான். கருவூலங்கள் குறைந்த ஆட்களோடு இயங்கும். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாக அறிவிக்கப்படும். அறிவிப்பின் கடைசி வரியில் வரும் அந்தச் சனிக்கிழமையைப் படிக்காமல் விட்டுவிட்டு, பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடுகிறவர்கள் பலர்.

குமரியில் உள்ளூர் விடுமுறை வரும் நாட்களைப் பார்த்தாலே இந்த மண் எப்படிப்பட்டது என்று தெரியும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மார்கழித் தேரோட்டம், மண்டைக்காடு பகவதி அம்மன் மாசிக் கொடை, மாசி 20-ல் அய்யா வைகுண்டர் அவதார தினம், டிசம்பர் 3-ல் கோட்டார் சவேரியார் திருவிழா, ஓணம் எல்லாம் அதில் உண்டு. 1956 நவம்பர் 1-ல் நாம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளுக்கும் விடுமுறை விட்டிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் கலெக்டர் தனியாக ஆணை பிறப்பித்தால்தான் விடுமுறை. போன வருடம் விட்டார்கள் என்பது இந்த வருடத்துக்கு ஆதாரம் ஆகாது.

திருவிழா நாட்களில் போக்குவரத்து மாற்றத்தை யார் சொல்வார்கள்?

காவல்துறை. கோட்டார் சவேரியார் திருவிழாவின் கடைசி நாட்களில் தேர்ப்பவனி இருப்பதால் அந்தப் பக்கம் இரவில் வண்டி போகாது. கோட்டார் ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். சுசீந்திரத்தில் ஒன்பதாம் நாள் தேர். நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை விக்கிரகங்கள் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகும்போது குழித்துறை, களியக்காவிளை வழியில் நெரிசல் இருக்கும். அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருப்பவர்கள் கவனமாக இருங்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் என்ன? ஸ்கூல் லீவா?

நிறம் வேறு, லீவு வேறு. நிறத்தை வானிலை ஆய்வு மையம் தருகிறது. லீவை கலெக்டர் அறிவிக்கிறார். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்குமேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும், சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும்.

நம் வீடுகளில் மலையாளச் சேனலும் ஓடும். திருவனந்தபுரத்துக்கு வந்த எச்சரிக்கையை நமக்கென்று எடுத்துக்கொள்வதும், நமக்கு வந்ததைக் கேரளத்துக்கு என்று விட்டுவிடுவதும் இரண்டுமே நடக்கிறது. குமரிக்கான முன்னறிவிப்பு சென்னை மண்டல வானிலை மையத்திலிருந்து வரும். டிஎன் அலர்ட் செயலியை போனில் வைத்திருந்தால் நம் இடத்துக்கானது நேராக வரும். பேரிடர் காலத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

அணை திறக்கிறார்கள் என்றால் எந்த ஊர்க்காரர்கள் பயப்பட வேண்டும்?

அணைகளின் முழு நீர்மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. பேப்பரில் தினமும் வரும் அளவை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழு அளவு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். நீர்வரத்து அதிகமானால் முன்பே உபரியைத் திறந்துவிடுவார்கள். பேச்சிப்பாறை உபரி கோதையாற்றில் வந்து திற்பரப்பு அருவியில் விழுகிறது. அதனால்தான் முதல் வேலையாகத் திற்பரப்பில் குளிக்கத் தடை விதிப்பார்கள். பெருஞ்சாணித் தண்ணீர் பரளியாற்றில் வரும். இரண்டும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்கின்றன.

இந்த வழியில் ஆற்றங்கரையில் இருப்பவர்கள்தான் முதலில் நகர வேண்டும். குழித்துறை சப்பாத்துப் பாலத்தில் தண்ணீர் ஏறினால் அதன் வழியே போக முயலக்கூடாது. மேலே பெரிய பாலம் இருக்கிறது, சுற்றிப் போங்கள். நாகர்கோவில், சுசீந்திரம் பக்கத்தவர்களுக்குப் பழையாறுதான் கவலை. 2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டம் பட்ட பாடு நினைவிருக்கும். "முதற்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை" என்று கேட்டதும் ஆதார், பட்டா, மாத்திரை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வைத்துவிடுங்கள்.

கள்ளக்கடல் எச்சரிக்கை என்கிறார்களே, வெயில் அடிக்கிறதே?

வெயில் அடிக்கும்போதே வருவதுதான் கள்ளக்கடல். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசிய பலத்த காற்று கிளப்பிய அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் அமைதியாக இருப்பதுபோலத் தெரிந்து, திடீரென்று ஏறும். 2024 மே 6-ல் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான். வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்தால், கடற்கரைக்கு அனுப்பும்முன் அன்றைய எச்சரிக்கையைப் பார்த்துச் சொல்வது நம் பொறுப்பு. ஆபத்தில் கடலோரக் காவல்படை எண் 1554.

மீன்பிடித் தடைக்காலம் எங்களுக்கு எப்போது?

எந்தத் துறைமுகம் என்பதைப் பொறுத்தது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் நமக்கு உண்டு. சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

கன்னியாகுமரியில் படகு ஓடுகிறதா என்று நகராட்சியில் கேட்கலாமா?

விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். அங்கே கேளுங்கள். கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ அலை உயர்ந்தாலோ முன்னறிவிப்பின்றி நிறுத்துவார்கள். பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை முதல் தை வரை காலையிலேயே போய்விடுவது நல்லது.

வாட்ஸ்அப்பில் வந்த அறிவிப்பு உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

கலெக்டர் அலுவலகச் செய்திக் குறிப்பில் "செ.வெ.எண்" (செய்தி வெளியீட்டு எண்) என்று ஒரு எண்ணும் தேதியும் இருக்கும். இரண்டும் இல்லாமல் "நாளை லீவு" என்று மட்டும் வந்தால் நம்ப வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். எண் இருந்தாலும் தேதியில் ஆண்டைப் பாருங்கள். போன வருட மழை விடுமுறை இந்த வருடமும் சுற்றுகிறது. நம் சங்கத்தின் குழுக்களில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம்: மூல அறிவிப்பின் படம் இருந்தால் மட்டும் பகிரலாம்.

போன் இல்லாத பெரியவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

இந்தப் பக்கத்தை எழுதவே இந்தக் கேள்விதான் காரணம். அலுவலகம் இணையத்தில் போட்டுவிட்டால் அறிவித்தாயிற்று என்று கணக்கு முடிந்துவிடுகிறது. காது கேட்காத பாட்டிக்கு நாளை தண்ணீர் வராது என்று தெரியாமல் இருந்தால், அவர் வரையில் அந்த அறிவிப்பு வரவே இல்லை. 2017-ல் ஓகி புயல் வந்தபோது ஆழ்கடலுக்கு முன்பே போய்விட்டவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. அதன் விலையை நம் கடற்கரை ஊர்கள் இன்னும் சுமக்கின்றன.

ஆட்டோவில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல், கோயில், தேவாலய மைக், ரேஷன் கடைப் பலகை எல்லாம் பழைய வழிகள்தான், ஆனால் வேலை செய்கின்றன. கடற்கரை ஊர்களில் தேவாலய மைக்கில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் ஊர் முழுக்கத் தெரியும். உங்கள் வார்டிலும் குடிநீர் நிறுத்தத்தை முந்தின நாளே ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்று கவுன்சிலரிடம் எழுதிக் கேளுங்கள். அதோடு, தெருவுக்கு ஒருவர் தனியாக வசிக்கும் பெரியவர்களின் கதவைத் தட்டிச் சொல்லப் பொறுப்பேற்றுக்கொள்ளலாம். "அம்மாச்சி, நாளைக்குத் தண்ணி வராது, குடத்தைப் பிடிச்சு வையுங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

மனு கொடுத்து மாதக்கணக்காகிறது, பதிலே இல்லை. அப்புறம்?

மனு கொடுக்கும்போதே ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணைச் சொல்லி 1100-ல் முதல்வரின் முகவரித் துறையில் பதியலாம். அதிலும் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "எனது இந்தத் தேதியிட்ட மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று சண்டைபோல எழுத வேண்டாம். கோப்பில் இருக்கும் தகவலைக் கேட்டால்தான் பதில் வரும்.

ஊராட்சிகளில் ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் வார்டுகளில் பகுதி சபை இருக்கிறது. கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் முன்பே கேட்டு, தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேசிவிட்டு மட்டும் வந்துவிடாமல், உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.